கௌபிக்கு வந்த மான்

மனித குலத்தில் விளக்கப் பண்டிதர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள், தப்ப வழியில்லை. ஒரு விஷயம் பற்றி ஒன்றுமே தெரியாமல் இவர்கள் இருக்கும் காலம் மிகக் குறைவு. ஒரு வீடியோ ஓடி முடிகிற நேரம்தான். கார் நின்றுவிட்டதென்றால் எஞ்சினை விளக்குவார்கள், காய்ச்சலென்றால் ஈரலை விளக்குவார்கள், செத்த வீட்டுக்குப் போனால் பெட்டி எந்த மரத்தில் செய்தது என்று விளக்குவார்கள். கேட்டோமா? கேட்கவில்லை. கேட்டதற்குச் சொல்பவர் வாத்தியார். கேளாமல் சொல்பவரே பண்டிதர்.

ஒஸ்லோவின் குளிரையும் தாங்கி இந்த இனம் நன்றாகவே பெருகியிருக்கிறது. மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். ரொம்சோஸில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அரசரத்தினம், வயது ஐம்பத்தாறு, சொந்த ஊர் மட்டக்களப்பு, வேலை லிப்ட் திருத்துவது. இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறவர்களுக்கு, லிப்ட் ஏன் நின்றது என்பதை வெளியே நின்று முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறப்பார். உள்ளே இருப்பவர்கள் எழுந்து போக முடியாது. அதனால்தான் அந்த வேலை அவருக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது.

இப்படிப்பட்டவர் போன வருடம் வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணினார். இந்த வசந்தத்தில், நகரத்துக்குக் கிழக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில், கரோலினா என்ற விவசாயப் பெண்மணியின் காட்டில் வேட்டை உரிமையும் எடுத்தார். காட்டோரத்தில் ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, மான் வருவதற்கு அதில் ஏதாவது விதைத்துக்கொள்ளலாம் என்றார் கரோலினா. நாலு தலைமுறையாக அந்த வீட்டில் மான் சுடுகிறார்கள்.

"குளோவர் போடுங்கள். வரும்," என்றார். அத்தோடு சரி.

அரசரத்தினம் பரிதாபமாகச் சிரித்தார். வெறும் புல்லா? அவர் பார்த்த வீடியோவில், அமெரிக்காவின் தென்பக்கத்தில், வியர்த்து வழிகிற ஒரு தொப்பிக்காரர் மானுக்கு உயிரான பயிர் இதுதான் என்று ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டு அரசரத்தினம் சோபாவிலிருந்து எழுந்தேவிட்டார். தொப்பிக்காரர் சொன்னது கௌபி. தட்டைப்பயறு என்கிற நம்முடைய கௌபி. காலையில் அவித்துத் தேங்காய்ப்பூவும் கட்டைச் சம்பலும் சேர்த்துச் சாப்பிடுகிற அதே கௌபி. நோர்வேயில் அத்தனை வேட்டைக்காரர் இருந்தும், அந்தச் சொல்லின் அருமை தெரிந்தவர் தான் ஒருவரே என்று அவருக்கு மெய் சிலிர்த்தது.

"இஞ்சேருங்கோ, கௌபி சூட்டு நாட்டுச் சாமானெல்லே. இஞ்சத்தைக் குளிருக்கு வருமோ?" என்று கேட்டார் மனைவி கனகாம்பிகை.

"மண்ணின்ர வெப்பநிலையைப் பற்றி உமக்கு ஏதும் தெரியுமோ?"

"தெரியாது."

"அதுதான்."

ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதித் தமிழ்க் கடையில் இருபது கிலோ கௌபி வாங்கினார். கோயில் பூசையோ அண்ணை என்று கடைக்காரர் ஒரு மரியாதைக்குக் கேட்டுவைத்தார். மானின் இரைப்பையில் நாலு அறை இருப்பதும், நாலாவது அறையில் கௌபி படும் பாடும் அன்று அந்த வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிய வந்தது. இரண்டு பேர் சாமானை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் மாதம் விதைத்தார். முளைத்தது, பொய் சொல்லக் கூடாது. முளைத்ததைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். பாதியைப் புறா தின்றது. மீதி இரண்டு இலையோடு நின்று யோசித்தது. ஜூலையில் ஒரு நாள் கரோலினா ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, அந்தத் துண்டு முழுக்க எதையோ தூவிவிட்டுப் பேசாமல் போனார். என்ன தூவுகிறார் என்று அரசரத்தினம் கேட்கவில்லை. தன்னோடு வந்திருந்த மைத்துனன் சற்குணத்துக்கு அவர் அப்போது வேர்முடிச்சு பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

இதோடு நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் தீபாவளிக்குப் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து மண்டபத்தில் சாப்பிடுவதென்று பேச்சு வந்தபோது, அவர் எழுந்து நின்று, "இறைச்சி என்ர பொறுப்பு. ஒருத்தரும் ஆடு வாங்கக் கூடாது. மான்," என்று அறிவித்துவிட்டார். மான் வராட்டி என்ன செய்யிறது என்று கனகாம்பிகை வீட்டுக்கு வந்து கேட்டார். வராட்டி என்ற கதைக்கே இடமில்லை என்று பதில் வந்தது. பன்னிரண்டு குடும்பத்துக்கு முன்னால் வெறும் சோற்றுச் சட்டியோடு நிற்கப்போவது யார்? 

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, விடியற்காலை. காட்டோரத்து வேட்டைப் பரணில் அரசரத்தினம் துப்பாக்கியோடு, பக்கத்தில் சற்குணம் தேநீர்ப் போத்தலோடு. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். பிறகு மரங்களுக்கிடையிலிருந்து, அவசரமே இல்லாமல், ஒரு மான் வந்தது. நல்ல கொழுத்த மான். அவருடைய நிலத்தின் நடுவில் வந்து நின்று, தலையைக் குனிந்து, மேயத் தொடங்கியது.

அரசரத்தினம் துப்பாக்கியைத் தோளில் வைத்தார்.  கண் கலங்கிவிட்டது. அவர் விதைத்து ஒன்று வந்திருக்கிறது, அவரை நம்பி ஒன்று சாப்பிடுகிறது. அவருக்கு அந்த நேரம் வந்தது பெருமைகூட இல்லை, வெறும் சந்தோஷம். சந்தோஷம் வந்தால் அவருக்கு விளக்கமும் வரும்.

"பாத்தியா? கௌபி. நான் சொன்னனான்," என்றார் மெல்ல.

"அத்தான், கதையாதேங்கோ."

"இல்லை, விளங்கிக்கொள். மானுக்குக் கண் மட்டுமட்டுத்தான். காதுதான் விசேஷம். ரெண்டும் தனித்தனியாத் திரும்பும். இப்ப பார், ஒரு காது எங்கட பக்கம் திரும்பியிருக்கு. ஏனெண்டு தெரியுமோ?"

சற்குணத்துக்குத் தெரிந்தது. மானுக்கும் தெரிந்தது.

மான் ஒரே பாய்ச்சலில் ஓடி மறைந்த பிறகு இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். மான் மேய்ந்த இடத்தில் பெயருக்குக்கூட ஒரு கௌபி இல்லை. முதல் பனிக்கே அவை கருகியிருந்தன. பச்சைப் பசேலென்று நின்றது குளோவர்.  அரசரத்தினம் வெகுநேரம் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், பாவம். காரில் ஏறியும் பேசவில்லை. அத்தான் அவ்வளவு தூரம் பேசாமல் வந்ததைச் சற்குணம் தன் வாழ்நாளில் கண்டதில்லை. மனம் கேட்காமல் தேநீரை ஊற்றி நீட்டினான். நகரத்தை நெருங்கி ஸ்ட்ரோம்மன் தாண்டும்போது அவர் தொண்டையைச் செருமினார்.

"சற்குணம், இந்தக் குளோவரில மூண்டு வகை இருக்கு."

வீட்டில் கனகாம்பிகை அவர் முகத்தைப் பார்த்தார்.  "ஆட்டுக்கு முந்தியே சொல்லி வைச்சிட்டன்," என்றார். எப்போது என்று கேட்டதற்கு, "நீங்கள் எழும்பி நிண்டு மான் எண்டு சொன்ன அண்டைக்கு," என்றார். தீபாவளிக்கு எல்லோரும் ஆட்டுக்கறி சாப்பிட்டார்கள். ஆடும் மானும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம்தான் என்பதைச் சாப்பிட்டு முடியும்வரை கேட்டார்கள்.

சிரித்துவிட்டீர்கள், சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன். இதை வாசித்துக்கொண்டு வரும்போது எங்காவது நிறுத்தி, "ஆடு வேறு குடும்பம், மான் வேறு குடும்பம்" என்றோ, "கௌபிக்கு முதலில் மண் சூடாக வேண்டுமே, இவருக்கு இதுகூடத் தெரியாதா" என்றோ பக்கத்தில் இருந்தவரிடம் எடுத்துச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால், மெல்லத் தலையைத் திருப்பிப் பாருங்கள். அவர் எழுந்து போய் எவ்வளவு நேரமாகிறது?