முப்பத்தெட்டு கிலோமீட்டர் நட்புறவு

கிஷ்தார் ஊர்த்தலைவர் வெண்டெல் கேட்டதெல்லாம் பதினோரு பலகை. அதற்கு மேல் ஓர் ஆணிகூட அவர் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஈபோய் ஆற்றின் இந்தக் கரை ஹங்கேரி, அந்தக் கரை ஸ்லோவாக்கியா. நடுவே ஊர்க்காரர்கள் தாங்களே போட்டுக்கொண்ட ஒரு மரப்பாலம். கிஷ்தாரில் டாக்டர் கிடையாது. எதிர்க்கரை ப்ரோடெக்கில் இருக்கும் டாக்டர் லுத்மிலா, செவ்வாயும் வெள்ளியும் பையைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் நடந்தே வந்துவிடுவார். வெண்டெலின் மனைவி பிரோஷ்காவுக்கு மூச்சிரைப்பு. இரைப்பு வந்தால் எந்தக் கிழமையானாலும் டாக்டரம்மா ஆறே நிமிடத்தில் ஊசியோடு வந்து நிற்பார். அதனால் பலகைகள் உளுத்துப்போனதும் வெண்டெலுக்கு நிம்மதி போய்விட்டது.

எல்லைப்புற மக்களிடையே ஒத்துழைப்பை வளர்ப்பதற்கென்றே ஒரு நிதி இருப்பதாகக் கேள்விப்பட்டார். எதிர்க்கரையின் ஊர்த்தலைவரும் தச்சருமான மாத்துஷைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனார். திட்ட அலுவலர் ஹென்ரியெட்டா அம்மையார் இருவரையும் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

"பதினோரு பலகையா? அது திட்டமில்ல சார், மராமத்து. ரெண்டு லட்சம் யூரோவுக்குக் குறைஞ்சு கேட்டா எங்க கம்ப்யூட்டர் வாங்கிக்காது."

"எங்களுக்கு அவ்வளவு வேணாமேம்மா."

"வேணாம்னு சொல்றதுக்குப் படிவத்துல கட்டம் இல்லியே."

படிவம் தொண்ணூறு பக்கம். பதினான்காம் கேள்வி இது: 'இரு ஊர்களுக்கும் இடையே தற்போது நிலவும் ஒத்துழைப்பின்மையை விவரிக்கவும்.' வெண்டெல் நேர்மையான மனிதர். 'அப்படி ஒன்றும் நிலவவில்லை. டாக்டரம்மா வாரம் இருமுறை வருகிறார். போன மாதம் மாத்துஷின் பன்றி இந்தப் பக்கம் ஓடி வந்தது, பிடித்துக் கொடுத்தோம்' என்று எழுதிவைத்தார். விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது.

பிறகு அம்மையார் நேரில் ஆய்வுக்கு வந்தார். பாவம், அன்று வெள்ளிக்கிழமை. அவர் கண்ணெதிரே டாக்டரம்மா பாலத்தில் நடந்து வந்தார், எல்லோருக்கும் வணக்கம் வேறு சொன்னார்.

"யாரு இவங்க?"

"டாக்டர்."

"எந்த நாடு?"

"அந்த நாடு."

அம்மையார் பேனாவை மூடினார். "சார், இல்லாத ஒத்துழைப்பைத்தான் நாங்க உண்டாக்க முடியும். இருக்கிறதை உண்டாக்கினா தணிக்கையில கேள்வி வரும். இந்தப் பாலம் எந்தப் பதிவேட்டுலயும் கிடையாது. பதிவுல இல்லாத ஒண்ணு ஆத்து மேல இருக்கிறதுதான் உங்க ஒத்துழைப்புக்கே இடைஞ்சல்."

"எடுத்துட்டா பெரிய பாலம் வருமா?" என்றார் மாத்துஷ்.

"எடுத்துட்டா விண்ணப்பம் ஏத்துக்கப்படும்."

இரண்டும் ஒன்றுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பிரோஷ்கா மட்டும், "இருக்கிறதைப் பிடுங்கிட்டு இல்லன்னு அழுது காட்டணுமாக்கும். இதுக்கு ரெண்டு தலைவரு, ரெண்டு மீசை!" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு ஊரும் திரண்டது. பெரிய இரும்புக் கொப்பரையில் மாட்டிறைச்சிக் குழம்பு கொதித்தது, பிளம் சாராயம் கைமாறியது. இந்தக் கரையில் ஒருவர் பலகையைத் தூக்கினால் அந்தக் கரையில் ஒருவர் வாங்கிக்கொண்டார். மாலைக்குள் பாலம் இருந்த இடம் தெரியவில்லை. இரண்டு ஊரும் சேர்ந்து இவ்வளவு அழகாக ஒரு வேலை செய்ததே இல்லை. இரண்டு ஊருக்கும் ஒத்துழைப்பின்மைச் சான்றிதழ் முத்திரையோடு வழங்கப்பட்டது.

நிதியும் வந்தது. கட்டுமானம் இந்தத் தலைப்பின் கீழ் வராது என்பதால், வரக்கூடியவை எல்லாம் வந்தன. ஆற்றங்கரையில் 'இங்கே இரு மக்கள் சந்திக்கிறார்கள்' என்று மூன்று மொழியில் ஒரு பலகை. ஒரு மாநாடு. இரண்டு நாட்டு நட்பின் அடையாளமாக ஒரு நீர்நாய் வேஷம். அதைத் தைத்ததும் சம்பளத்துக்குப் போட்டுக்கொண்டு ஆடியதும் பிரோஷ்காதான். அதோடு நூற்றுப்பன்னிரண்டு பக்க ஆய்வறிக்கை ஒன்று. அதன் முடிவு: இந்த இடத்தில் ஒரு பாலம் அவசியம் தேவை.

ஆண்டு முடிவில் அம்மையார் மதிப்பீட்டோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பாலம் போனபின் டாக்டரம்மா காரில் நகரத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறார் அல்லவா? ஒரு நடைக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர், திட்டப் பதிவேட்டில் அவரே எழுதிவைக்கிறார்.

"திட்டத்துக்கு முன்னாடி பதிவான எல்லை தாண்டிய பயணம், பூஜ்யம். இப்ப ஒரு ஆளுக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர்! உங்க ஊருக்கு முன்மாதிரி விருது சார். ஆனா ஒரு நிபந்தனை. இந்த அளவு அஞ்சு வருஷத்துக்குக் குறையக் கூடாது. குறைஞ்சா பணத்தைத் திருப்பிக் கட்டணும்."

அன்றே ஊர்க்கூட்டம். கோடையில் ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். யாராவது பாவாடையையோ கால்சட்டையையோ தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டால் முப்பத்தெட்டு மறுபடி பூஜ்யமாகிவிடும். பணமோ நீர்நாயும் மாநாடுமாய்ப் போய்விட்டது. அதனால் இரு கரையிலும் முறைவைத்துக் காவல் போடுவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. அரசாங்கத்தின் எல்லைக் காவலர்கள் வீட்டுக்குப் போய்ப் பல வருஷமான இடத்தில் ஊர்க்காரர்கள் விசிலோடு நின்றார்கள். அறிக்கையில் இது 'கூட்டுக் கண்காணிப்பு' என்ற தலைப்பில் தனியாகப் பாராட்டப்பட்டது.

ஜூன் மாதம் ஒரு காலை. இந்தக் கரையில் வெண்டெல் முறை, அந்தக் கரையில் மாத்துஷ். பிரோஷ்காவுக்கு இரைப்பு கண்டுவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அந்தச் சத்தம் எதிர்க்கரைக்கும் கேட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினார்.

மாத்துஷ் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. வெண்டெலைப் பார்த்தார். அதற்குள் இரு கரையிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் வெண்டெலைத்தான் பார்த்தார்கள்.

"டாக்டரம்மா," என்றார் வெண்டெல். "ரோடு வழியா வந்துடுங்க."

"என்ன வெண்டெல், உங்க பொண்டாட்டிக்குத்தான்யா வர்றேன்!"

"தெரியுதும்மா. தலைவன் வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம்னு ஆயிடும். ரோடு வழியா வாங்கம்மா."

டாக்டரம்மா முழங்கால் தண்ணீரில் நின்று அவரை ஒரு பார்வை பார்த்தார். திரும்பிப் போய் காரை எடுத்தார்.

நாற்பத்தேழு நிமிடம். வெண்டெல் மனைவியை நிமிர்த்திச் சாய்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் உதடு நீலம் பாரித்தது. தன்னைப்போல் ஒரு அயோக்கியன் இரண்டு நாட்டிலும் கிடையாது என்று அவருக்குத் தோன்றியது, அழுகையும் வந்தது. ஆனால் எழுந்து போய் விசிலைத் தூக்கி ஆற்றில் எறிய மட்டும் தோன்றவில்லை.

டாக்டரம்மா வந்தார், ஊசி போட்டார். கொஞ்சம் கொஞ்சமாய் இரைப்பு தணிந்தது. பிரோஷ்கா கண்ணைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று வெண்டெல் தலையைக் குனிந்துகொண்டார். அவள் டாக்டரம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"முப்பத்தெட்டையும் பதிவேட்டுல எழுதிட்டீங்கள்ல?" என்றாள். "திரும்பிப் போறதையும் சேத்து எழுதிடுங்க டாக்டரம்மா."