அரைப்பேர் ஐயாவின் ஆசனப் பெரட்டு

தன்னைத் தானே வேலைக்குக் கூப்பிட்டு, தன்னைத் தானே திட்டி, தன்னைத் தானே வீட்டுக்கு விரட்டிய மனிதர் இந்த மலைநாட்டில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவரை நாங்கள் அரைப்பேர் ஐயா என்போம். நோர்வூட்டுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளை. நான் ஃபெக்டரி கிளாக்கர். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். சுவர் வழியாகக் கேட்டதையெல்லாம் அன்றன்றே நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். ஆகவே இதில் மிகை ஏதும் இருந்தால் அது அவருடையது, என்னுடையதல்ல.

தோட்டத்தில் முழுநாள் வேலைக்குக் கணக்கில் ஒரு பேர், முழுக்கூலி. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அரைக்கூலி. கூடையில் ஒரே ஒரு முற்றல் இலை கிடந்தாலும் எங்கள் ஐயாவின் பென்சில் அரையில் போய் நின்றுவிடும். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஒரு நிமிடம் பிந்தி வந்தவர்களை, "போ, போ, வீட்டுக்குப் போ!" என்று விரட்டிவிடுவார்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிராமலே பெரட்டுக்குப் போனார். தோட்டத்தை நிர்வகித்த துரை மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் தோட்டத்தின் உச்சியான மேமலை வரை ஏறிக் காட்டாவிட்டால் வேலையும் இல்லை, வீடும் இல்லை.

"எங்கங்க போறது?" என்று அவருடைய மனைவி கேட்டது சுவர் வழியாகக் கேட்டது. முப்பது வருடம் இருந்த வீடு அது.

தோட்டத்து மருந்தையா படம் போட்ட ஒரு யோகாசனப் புத்தகத்தைக் கொடுத்து, "தெனமும் செய்யணுங்க, அதுதான் முக்கியம்" என்றார். ஐயா ஒரு நாள் செய்தார். அடுத்த மூன்று நாள் குளிருக்குப் பயந்து கம்பளிக்குள் கிடந்தார். நாலாம் நாள்தான் அவருக்கு வழி தோன்றியது.

"ஆளு ஒழுங்கா வரலேன்னா என்னா செய்வோம்? பெரட்டு வைப்போம்!"

மறுநாள் விடிகாலை நாலரைக்கு அடுத்த வீட்டில் அதட்டலாக ஒரு குரல் ஐயாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. "ஐயா!" என்று பணிவாக இன்னொரு குரல் பதில் சொன்னது. யாரோ விருந்தாளி என்று நினைத்தேன். இரண்டும் அவர்தான். சாக்குப் படங்கை விரித்து, ஆசனங்களை முடித்து, புதுக் கொப்பி ஒன்றில் தனக்குப் பேர் போட்டுக்கொள்வார். முழங்கால் மடங்கினால் அரை. இடையில் இருமினாலும் அரை.

ஒருநாள் இரண்டு நிமிடம் பிந்திவிட்டார். "போ, போ, வீட்டுக்குப் போ!" என்று கத்தினார்.

"வீட்லதானங்க இருக்கீங்க!" என்றார் மனைவி.

"அப்ப படுக்கைக்குப் போறேன்" என்று போய்ப் படுத்துவிட்டார். ஆனால் அதன் பிறகு ஒருநாளும் பிந்தவில்லை. முழுப்பேர் மட்டும் ஒன்றுகூட விழவில்லை. ஐயா இல்லாத நேரத்தில் படத்தைப் பார்த்துப் பழகிய மனைவி ஒருநாள் அவர் எதிரிலேயே குனிந்து கால்விரலைத் தொட்டுக் காட்டினார். அவருக்கும் அரைதான்.

"ஏங்க, எனக்கு என்னா கொறைச்சல்?"

"சிரிச்சிட்டல்ல?"

தவணை முடிந்த அன்று துரை, எழுதுவதற்கு என்னையும் கூட்டிக்கொண்டு, ஐயாவை முன்னால் விட்டு மேமலைக்கு நடந்தார். ஐயா எங்கும் நிற்கவில்லை. உச்சியில் துரை மூச்சு வாங்கிப் பாறையில் உட்கார்ந்தார். நான் அதற்குக் கீழே உட்கார்ந்தேன். ஐயா இடமும் வலமும் பார்த்தார். களைத்தால் பிணம்போல் கிடக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. புத்தகத்தை மீறும் ஆள் அவர் இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே போய் மல்லாந்து, கண்ணை மூடி, கையை விரித்துக் கிடந்தார்.

கொழுந்துக் கூடையோடு நிரையில் திரும்பிய பெண்கள் பார்த்துவிட்டார்கள். கூடைகள் உருண்டன.

"ஐயோ, அரைப்பேரு போட்ட மவராசா, முழுசாப் போயிட்டீங்களே!"

ஒப்பாரி இரண்டாம் அடிக்கு வருவதற்குள் பிணம் வாயைத் திறந்தது. "யாரது? கொழுந்து எடுக்காமச் சத்தம் போடுறது? எல்லாருக்கும் அரைப்பேரு!"

பெண்கள் அலறிக்கொண்டு மலையிறங்கினார்கள். துரை எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"கணக்கப்பிள்ளே, நீ செத்துப் போச்சா?"

"இல்லீங்க தொர. சவாசனங்க. ஒடம்புக்கு ரொம்ப நல்லதுங்க."

சொல்லிக்கொண்டே, எதையும் பிடிக்காமல் எழுந்து நேராக நின்றார். துரை அவரை மேலும் கீழும் பார்த்தார். "சரி. வேலைக்குப் போ" என்றார்.

அன்று மாலை அந்த வீட்டில் பாயாசம். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. கொண்டுவந்த ஐயாவிடம், "இன்னிக்காவது முழுப்பேருங்களா?" என்று கேட்டேன்.

"அதெப்படிங்க? வேலை நேரத்துல படுத்துட்டேனே" என்றார்.

பல வருடம் கழித்து அவர் காலமான அன்று, இதுவும் சவாசனமாக இருக்கக்கூடாதா என்று நானும் உடலருகே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய மனைவி, ஆசனத்துக்குப் பேர் போட்ட அந்தக் கொப்பியை என்னிடம் கொடுத்தார். மேமலை ஏறிய நாளின் கட்டத்தில் அரைதான் இருந்தது. நான் யாருடைய எழுத்திலும் கை வைக்காதவன். என் நாட்குறிப்பில்கூட ஒரு சொல்லை அடித்ததில்லை. அன்று ரப்பரைத் தேடி எடுத்து, அந்த அரையை மெதுவாக அழித்துவிட்டு, ஒன்று போட்டேன்.