முன்னால் இரண்டு சைபர்

நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவன் என்பதை வெளியில் அதிகம் சொல்வதில்லை. சொன்னால், முதலில் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். மயிலாப்பூரில் பரதநாட்டிய உடை தைக்கும் கடையில் என்பேன். அங்கே கணிதத்துக்கு என்ன வேலை என்பார்கள். ஒரு வேலையும் இல்லை. நான்தான் கொண்டுபோய் நுழைத்தேன்.

கடை ஸ்டெல்லா அக்காவுடையது. சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு நேரே கடைக்கு வந்து நாட்டிய உடைக்கு விசிறி மடிப்பு வைப்பார். (ஆடுகிற பெண் தாளம் தப்பினாலும் அக்காவின் மடிப்பு தப்பாது.) ஊருக்குச் சென்னை என்று பெயர் மாறியிருந்த புதிது. அக்காவின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் லண்டனில் இருந்த தமிழ் அம்மாக்கள். அங்கே கோடை விடுமுறையில் அரங்கேற்றங்கள் வரிசையாக நடக்கும். அதற்குள் உடை போக வேண்டுமானால் பெண்களின் அளவு சீக்கிரம் வர வேண்டும். முந்தைய வருடம் அளவு வரத் தாமதமாகி, பதினோரு தையல்காரர்கள் மூன்று வாரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நாலு அம்மாக்கள் பம்பாய்க் கடைக்குப் போய்விட்டார்கள்.

அளவுப் படிவத்தை அக்கா ஃபேக்ஸ் மெஷினில் வைத்து, நோட்டைப் பார்த்து நாற்பது லண்டன் நம்பரையும் தானே ஒவ்வொன்றாக அழுத்துவார். மூன்று நாள் ஆகும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், அதை ஒரே மதியத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்றேன். பில் போடும் கம்ப்யூட்டரில் ஒரு மோடத்தைப் பொருத்தி, நம்பர்களைப் பட்டியலாகக் கொடுத்துவிட்டால், அதுவே வரிசையாக ஃபேக்ஸ் அனுப்பிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். அக்கா வெகுநேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

நோட்டில் எல்லா நம்பரும் 0044 என்று தொடங்கின. அப்படியே தட்டினேன். பட்டியலில் அடுத்த கட்டத்துக்குப் போனதும் முன்னால் இருந்த இரண்டு சைபரையும் கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டது. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை வந்தது. நான் மூன்று வருடம் கல்லூரியில் உட்கார்ந்து கற்றதை அது பிறவியிலேயே தெரிந்து வைத்திருக்கிறதே என்று.

பின்னால் வந்து நின்ற அக்கா, “இன்னாப்பா, ரெண்டு சைபரக் காணோம்?” என்றார்.

“முன்னால வர்ற சைபருக்கு வேல்யூ கிடையாதுக்கா.”

அக்கா எட்டாவதோடு நின்றவர். படித்த பையன் சொல்கிறான் என்று போய்விட்டார். (அவர் என்னை நம்பியதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.)

மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தேன். மோடம் கீச்சிட்டது, கனைத்தது, மறுபடி கீச்சிட்டது. இருபத்துமூன்று பெயர்களுக்கு நேராக, போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்தது. மிச்சம் பதினேழு பேர் தூங்குகிறார்கள் என்று நானே முடிவு செய்தேன். ஐந்தரை மணிக்கு, தையல்காரர்கள் எல்லாருக்கும் டீ சொன்னேன்.

டீ வருவதற்கு முன்னால் ஒரு ஆட்டோ வந்தது. இறங்கியவருக்கு அறுபது வயதிருக்கும். சுருண்டு சுருண்டு விழுந்த ஃபேக்ஸ் காகிதங்களை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்து கவுன்ட்டர்மேல் வைத்தார். மேல்தாளில் லண்டன் வெம்ப்லியில் இருக்கும் ஒரு அம்மாவின் பெயர். அடுத்த தாளில் இன்னொரு அம்மா. இருபத்துமூன்று பேரும் இருந்தார்கள்.

அவர் அடையாறில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கட்டிட இன்ஜினியர். டெல்லியிலிருந்து ஒரு வரைபடம் வர வேண்டியிருந்ததாம். வந்ததெல்லாம் எங்கள் படிவம். நிறுத்தச் சொல்லலாம் என்று படிவத்தில் இருந்த கடை நம்பரைக் கூப்பிட்டால் எப்போதும் எங்கேஜ்டு. (கடைக்கு இருந்த அந்த ஒரே லைனில்தான் நான் லண்டனோடு தொடர்பில் இருந்தேன்.) பேப்பர் ரோல் தீர்ந்து மெஷின் நின்றதும் கிளம்பி வந்துவிட்டார். இதையெல்லாம் குரலை உயர்த்தாமல் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து தனியாக ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதே படிவம், பேனாவால் நிரப்பியிருந்தது.

“இருபத்துமூணு தடவ இடுப்பளவு கேட்டிருக்கீங்க. நாப்பத்திரண்டு இன்ச். மத்ததும் எழுதியிருக்கேன். இனிமே கேக்காதீங்க.”

பதினோரு தையல் மெஷின்களும் நின்றுவிட்டன. லண்டன் டெலிபோன் இலாகாவில் ஏதோ கோளாறு என்று ஆரம்பித்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, திரையில் விரல் வைத்து இலக்கங்களை எண்ணினார்.

“என் தங்கச்சி வூட்டு நம்பரும் நாப்பத்திநாலுலதான் ஆரம்பிக்குது,” என்றார். “அவ லண்டன்ல இல்ல. அடையார்ல கீறா.”

வெளிநாட்டுக்குப் போகிறோம் என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்வதே அந்த இரண்டு சைபர்தான். அது இல்லையென்றால் முதல் ஏழு இலக்கத்தை உள்ளூர் நம்பராக எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். எங்கள் அம்மாக்களில் பாதிக்குமேல் லண்டனில் ஒரே பேட்டைக்காரர்கள். முதல் ஏழு இலக்கமும் எல்லாருக்கும் ஒன்றே. அதுதான் இவர் வீட்டு நம்பர். மற்ற நம்பர்கள் அடையாறில் வேறு வீடுகளில் மணியடித்து, எடுத்தவர் காதில் கீச்சிட்டிருக்கின்றன.

மறுநாள் குற்ற உணர்ச்சியில் சைபர்களைத் தாராளமாக வழங்கினேன். நோட்டைக்கூட நம்பாமல், அம்மாக்களின் கடிதங்களில் 0181 என்று லண்டன் கோடோடு இருந்த நம்பர்களை அப்படியே எடுத்து முன்னால் 0044 சேர்த்தேன். வெளிநாட்டிலிருந்து கூப்பிடும்போது அந்த நடு சைபர் வரக்கூடாது என்று யாருக்குத் தெரியும்? (அக்காவின் நோட்டுக்குத் தெரிந்திருந்தது.) நம்பர் தவறு என்று ஓர் ஆங்கிலப் பெண்குரல் மூன்று முறை மரியாதையாகச் சொன்னதும் அக்கா மோடத்தின் ஒயரைப் பிடுங்கினார். பழைய மெஷினையும் நோட்டையும் என் முன்னால் வைத்தார். நான் அழுத்த அழுத்த, பக்கத்தில் நின்று, “சைபர்... சைபர்...” என்று ஒவ்வொரு நம்பருக்கும் எண்ணினார். இரண்டு நாள் ஆயிற்று. அடுத்த வாரத்துக்குள் முப்பத்தெட்டு படிவங்கள் திரும்பி வந்தன. அந்த வருடம் யாரும் சும்மா உட்காரவில்லை.

இன்ஜினியரின் படிவத்தையும் அக்கா வீணாக்கவில்லை. அந்த அளவுக்கு ஒரு பட்டு ஜிப்பா தைத்து, புது ஃபேக்ஸ் ரோலோடு என்னிடமே கொடுத்தனுப்பினார். அவர் வாசலிலேயே போட்டுப் பார்த்து, “இடுப்பு கரெக்டா இருக்கு,” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் மகள் இப்போது லண்டனில் வேலை பார்க்கிறாள். எங்கள் வீட்டில் யாரும் அந்த ஊரை அந்தப் பெயரால் சொல்வதில்லை. சமீபத்தில் எங்கள் தி.நகர் குடியிருப்புக்குப் புதிதாக வந்த பக்கத்து வீட்டுக்காரர், மகள் எங்கே என்று விசாரித்தார். “அடையார்ல,” என்றாள் என் மனைவி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அடையாறில் இருக்கும் மகள் ஏன் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் வந்து போகிறாள் என்று கேட்கத் தயங்கி, அந்த மனிதர் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் அனுதாபமாகத் தலையசைத்துவிட்டுப் போகிறார்.