வீட்டுக்கு ஒரு நம்பர்

"ரோமிங் போட்டுக்கிட்டாப் போச்சு," என்று ஸ்டோர் கீப்பர் சொன்னதும் சாப்பாட்டு மேசையில் அத்தனை கைகளும் தட்டிலேயே நின்றுவிட்டன.

"அப்ப சிம்மையும் கூடவே எடுத்துட்டுப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"பின்னே? கழுத்தை இங்க வெச்சுட்டுத் தலையை மட்டுமா வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க?"

"ஓடிபிக்கு நாங்க என்ன பண்றது?"

நியாயமான கேள்விதான். அந்த வீட்டில் ஆளுக்கொரு போன் இருந்தது. ஆனால் வங்கிக் கணக்கு, சமையல் சிலிண்டர், மகளின் சினிமா டிக்கெட், மாமியாரின் பென்ஷன் என்று எல்லாவற்றுக்கும் பதிவாகியிருந்த எண் ஒன்றே ஒன்று, ஸ்டோர் கீப்பருடையது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கைபேசி வாங்கியவர் அவர். "என் நம்பரையே போட்டுக்கங்க" என்று அன்றைக்குத் தாராளமாகச் சொன்னவர், அந்தத் தாராளத்தை அப்புறம் யார் கெஞ்சியும் கைவிடவில்லை. எண்ணை மாற்றிக்கொள்ளலாமா என்று யாராவது இழுத்தால், "தாராளமா மாத்திக்கங்க. மாத்தறதுக்கும் என் நம்பருக்குத்தான் ஓடிபி வரும்," என்று மீசையை நீவிக்கொள்வார்.

தொழிற்சாலையில் அவருடைய கிடங்கிலிருந்து ஒரு திருகாணி வெளியே வரவேண்டுமென்றால், அது எங்கே போகிறது, எதற்குப் போகிறது, பழைய திருகாணி என்ன பாவம் செய்தது என்றெல்லாம் விசாரணை நடக்கும். ஓடிபிக்கும் அதே சட்டம்தான்.

"அப்பா, ஒரு ஓடிபி வந்திருக்கா பாருங்க."

"வந்திருக்கு. சினிமாவா?"

"ஆமாப்பா. சீக்கிரம் சொல்லுங்க."

"இந்தத் தொகைக்கு ரெண்டு டிக்கெட் வருமே. இன்னொண்ணு யாருக்கு?"

"என் ஃப்ரெண்டுக்குப்பா."

"எந்த ஃப்ரெண்டு? அன்னிக்கு மழையில நம்ம குடையை வாங்கிட்டுப் போச்சே, அந்தப் பொண்ணா? குடை வந்துச்சா?"

குடையின் வரலாறு முடிவதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். சில சமயம் படமே தியேட்டரை விட்டுப் போய்விடும்.

வீட்டுக்காரர்களாவது உட்கார்ந்துகொண்டு காத்திருந்தார்கள். சிலிண்டர்காரர் பாவம், தோளில் சிலிண்டரோடு வாசலில் நிற்பார். "போன தடவை ஏன்யா லேட்டு? எடை சரியா இருக்கா? வாஷர் புதுசா?" என்று கேட்டு முடித்துவிட்டுத்தான் ஸ்டோர் கீப்பர் மூக்குக்கண்ணாடியைத் தேடப் போவார். சிலிண்டர்காரரின் வலது தோள் இடது தோளைவிட ஒரு சாண் இறங்கிப்போனது இந்த வீட்டு வாசலில்தான் என்று தெருவில் பேச்சு.

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் பாத்திரக்கடைக் குலுக்கலில் வெளிநாட்டுப் பயணம் விழுந்திருந்தது. நாலு நாள். ஒருவருக்கு மட்டும். அவர் பாத்திரக்கடைப் பக்கம் போய் வருஷக்கணக்காகிறது. "நான்தாங்க உங்க பேர்ல சீட்டு எழுதிப் போட்டேன்," என்றாள் மனைவி. தன் பேரில் போட்டதில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் அவர் பேர் இருப்பதுதானே அந்த வீட்டு வழக்கம்.

"ரோமிங்னா சும்மா இல்ல மாமா," என்று ஆரம்பித்தான் மைத்துனன். பக்கத்துத் தெருவில் போன் கடை வைத்திருப்பவன். "கால் தனி, மெசேஜ் தனி, டேட்டா தனி. போனைச் சட்டைப்பையில போட்டு நீங்க தூங்கினாலும் உள்ள இருக்கற ஆப்பெல்லாம் முழிச்சுட்டு டேட்டா குடிக்கும். நீங்க திரும்பி வர்றதுக்குள்ள வீடு ஏலத்துக்கு வந்துரும்."

"நேரம் வேற மாறுமே மாப்பிள்ளை," என்றார் மாமியார். "எனக்குப் பகல்னா உங்களுக்கு ராத்திரி. தூக்கக் கலக்கத்துல ஆறை ஒம்பதுன்னு படிச்சுட்டீங்கன்னா என் பென்ஷன் என்னாகும்?"

"இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு நட்டைக்கூடத் தப்பா எண்ணினதில்ல அத்தை!"

ஆனாலும் ஏலம் என்ற சொல் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் ஒரு தீர்வோடு வந்தார். இரண்டு சிம் போடும் புதுப் போன். "அந்த ஊர் சிம் டேட்டாவுக்கு. நம்ம சிம் ஓடிபிக்கு மட்டும். எப்படி?"

அபாரமான தீர்வு. ஒரே சிக்கல், அவருடைய சிம் ஆதிகாலத்துப் பெரிய சிம். புதுப் போனின் வாய் சின்னது.

"குடுங்க மாமா, கடையில கட்டர் இருக்கு," என்றான் மைத்துனன்.

"என் சிம்மை இன்னொருத்தன் கையில குடுக்கறதா?"

கிடங்கிலிருந்து அளவுக் கருவி வந்தது. நூலிழை அளவுக்குக் கோடு போட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நகவெட்டியால் ஒரு நறுக்கு நறுக்கினார். சிம்மின் தங்க நிறத் துண்டு துள்ளிப் பறந்து மீன் தொட்டியில் விழுந்தது. தொட்டியிலேயே பெரிய மீன் அதை ஒரே வாயில் விழுங்கியது. அன்று சாயங்காலத்துக்குள் அந்த மீனுக்கு ஏழெட்டு ஓடிபி வந்திருக்கும். அதுவும் யாருக்கும் சொல்லவில்லை.

அதே எண்ணுக்கு மாற்றுச் சிம் வாங்கி மைத்துனன் கொண்டுவந்தபோது, பயணத்துக்கு ஒரு ராத்திரிதான் பாக்கி.

"சரி, இதுல ரோமிங்கைப் போட்டு விடு. வீடு ஏலத்துக்குப் போனாப் போகட்டும்."

மைத்துனன் முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டான். "புது சிம் மாமா. ரோமிங் உடனே தரமாட்டாங்க."

"எப்பத் தருவாங்க?"

"நீங்க திரும்பி வந்ததும்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கினார். தன் பிரிவு அவரை இவ்வளவு பாதிக்கும் என்று ஸ்டோர் கீப்பர் எதிர்பார்க்கவில்லை.

"வேற வழியே இல்லைங்க," என்றாள் மனைவி. "சிம் இங்கயே இருக்கட்டும். நான் பத்திரமா பாத்துக்கறேன்."

மைத்துனன் சட்டைப்பையிலிருந்து பயணிகளுக்கான தனிச் சிம் ஒன்றை எடுத்து நீட்டினான். "அங்க இறங்கினதும் இதைப் போட்டா வேலை செய்யும் மாமா."

பழைய போனில் சிம்மைப் போட்டு, மனைவி கையில் கொடுத்து, ஒரு குழந்தையை ஒப்படைப்பதுபோல அவர் சொன்னார்: "தெரியாத நம்பர்னா எடுக்காதே. யார் ஓடிபி கேட்டாலும் சொல்லாதே. நானே கேட்டாலும் சொல்லாதே. என் குரல்லயே பேசி ஏமாத்துவானுங்க."

"சத்தியமா சொல்லமாட்டேங்க," என்றாள் அவள்.

வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கிய கையோடு அவர் புதுச் சிம்மைப் போட்டார். சிம் உயிர்பெற்று, மரியாதையாக ஒன்று கேட்டது: பதிவு செய்த எண்ணுக்கு வந்திருக்கும் ஓடிபியை உள்ளிடவும்.

பதிவு செய்த எண் வீட்டில் இருந்தது.

பயணக் குழுவை அழைத்துவந்த பெண்ணிடம் போனை இரவல் வாங்கித் தன் எண்ணுக்கே கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தெரியாத நம்பர் அல்லவா? குழுவினர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஓட்டுநர் இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகுதான் மறுமுனையில் குரல் வந்தது.

"யாரு?"

"நான்தான்டி!"

"எந்த நான்தான்?"

"உன் புருஷன்டி! ஒரு ஓடிபி வந்திருக்கும், சட்டுனு சொல்லு."

"அவரே கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் உத்தரவுங்க."

"அந்த வீட்டுக்காரன்தான் உத்தரவை மாத்தறேன்!"

"ஏமாத்தறவங்களும் இப்படித்தான் கத்துவாங்கன்னு சொல்லியிருக்கார்."

"சந்தேகம்னா ஏதாவது கேட்டுப் பாரேன்!"

"எங்க கல்யாண நாள் என்னிக்கு?"

அவர் கண்ணை மூடி, விரல் விட்டு எண்ணி, ஒரு தேதியைச் சொன்னார்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "தப்பு. நீங்க அவரேதான்."

"அப்பாடா! ஓடிபி?"

"பேசிட்டிருந்ததுல காலாவதி ஆயிடுச்சுங்க."

அடுத்த ஓடிபிக்கு, அது எதற்கு, எவ்வளவு டேட்டா, அங்கே போய் யாரோடு பேசுவதற்கு என்று அவள் நிதானமாக விசாரித்தாள். அதுவும் காலாவதியானது. மூன்றாவது தடவை கேட்பதற்குள் சிம்மே சலித்துப்போய்ப் பூட்டிக்கொண்டது.

நாலு நாளும் அவர் எதையும் பார்க்கவில்லை. அருவியைக் காட்டினார்கள், அதில் மாமியார் பென்ஷன் அடித்துக்கொண்டு போவது தெரிந்தது. கோபுரத்தின் உச்சிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்து தன் வீட்டு அடுப்பு அணைந்து கிடப்பது தெரிந்தது. நான் இல்லாமல் என்ன பாடுபடுகிறார்களோ என்ற நினைப்பு ஒன்றுதான் அவருக்கு ஆறுதல்.

திரும்பி வந்தால் வீட்டில் ஒரு முகத்திலும் வாட்டமில்லை. மகள் சினிமாவிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். மாமியார் புதுப் புடவையில் இருந்தார். ஸ்டோர் கீப்பர் பெட்டியைத் திறக்கவில்லை, கால் கழுவவில்லை. பழைய போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

டிங் என்றது. மாமியாரின் போன்.

டிங். மகளின் போன்.

அவருடையது ஊமையாகக் கிடந்தது. மகளைத் தன் எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தார்; நன்றாகவே மணி அடித்தது. தட்டினார், துடைத்தார், ஊதினார். ஒரு டிங் இல்லை.

வாசலில் "சிலிண்டர்!" என்று குரல் கேட்டதும் அவருக்கு உயிர் வந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனும் கையுமாக ஓடினார். அதற்குள் அடுக்களையிலிருந்தே மனைவி நாலு இலக்கத்தைக் கடகடவென்று சொல்ல, சிலிண்டர்காரர் தோளிலிருந்ததை இறக்கி வைத்துவிட்டு, காலியான சிலிண்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"நில்லுய்யா, எனக்கு இன்னும் ஓடிபியே வரல!"

"இனிமே உங்களுக்கு வராது சார், எல்லாருமே நம்பரை மாத்திட்டாங்க," என்றார் சிலிண்டர்காரர், இரண்டு தோளும் சமமாக நிமிர்ந்து. "சிம்மை வீட்டுல விட்டுட்டு ஒரு நாலு நாள் அவரை எங்கயாவது அனுப்பி வைங்கம்மான்னு யோசனை சொன்னது நான்தான், நான் பக்கத்து ஊரைத்தான் சொன்னேன் சார், இவங்க எல்லாரும் சேர்ந்து காசு போட்டு வெளிநாட்டுக்கே அனுப்பிட்டாங்க!"