சக்கர நாற்காலிக்குப் பம்பர் வைத்த தலைவர்

பதவி என்று ஒன்று என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் வந்தது. அதையும் ஒரு வருடம் முழுதாக வைத்துக்கொள்ளத் துப்பில்லை. எதிரி, சதி, கோள் எதுவும் கிடையாது. ஊரைக் கூட்டி முன்வரிசையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, நானே கெடுத்துக்கொண்டேன்.

நாமக்கல்லில் எங்களுக்கு லாரி உதிரிபாகக் கடை. சேலத்தில் ஒரு சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அணியை நடத்திய அறக்கட்டளைக்கு வருடா வருடம் ஏதோ நன்கொடை கொடுப்பேன். அதன் தலைவராக இருந்த டாக்டர் மகனோடு வெளிநாடு போய்விட்டார். அடுத்தது யார் என்று கூட்டம் போட்டார்கள். அணியின் கேப்டன் பர்வீன் இருந்தாள். சேலத்துப் பெண், பி.காம். படித்தவள், அறக்கட்டளையின் வரவு செலவு முழுவதையும் பார்த்தவள். அவளே இருக்கட்டும் என்று ஒருவர் சொல்ல, நிர்வாகக் குழுவில் ஒரு பெரிய மனிதர் மறுத்தார்.

"நாற்காலியோட அந்தப் புள்ள போய் நின்னா, பத்து ரூவாயக் கையில குடுத்து அனுப்பிருவாங்க. நடமாடற ஆளு போய்க் கேட்டாத்தானுங்க நாலு காசு பெயரும்."

(நாற்காலியோட போய் எப்படி நிக்கறதுன்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணல.) பர்வீன் அங்கேயேதான் இருந்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. கடையில் என் பேச்சை எடுபிடிப் பையன்கூடக் கேட்பதில்லை, இங்கே தலைவராம். சரி என்று தலையாட்டினேன்.

பதவியேற்ற வாரமே பர்வீன் நிலைமையைச் சொன்னாள். "அக்கா, இருக்கற பணம் இந்த மாசத்து வேன் வாடகைக்குத்தான் வரும். அடுத்த மாசம் பயிற்சி நின்னுடும். நின்னா அணி கலைஞ்சிடும். ஓமலூர்லேருந்து வாழப்பாடியிலேருந்தெல்லாம் சொந்தக் காசு போட்டு எத்தனை நாளைக்கு வருவாங்க?" பள்ளிபாளையத்தில் ஒரு ஜவுளி ஆலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். அவர்களுடைய மேலாளர் ஒரு பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் ஒரு வருடச் செலவு அவர்களுடையது. பிடிக்காவிட்டால் அணிக்கு மூடுவிழா.

இவ்வளவு தெளிவாக ஒருத்தி சொல்லிவிட்ட பிறகு ஒரு தலைவர் செய்ய வேண்டியது, வாயை மூடிக்கொண்டு காபிக்கு ஏற்பாடு செய்வது. நான் மூளையை உபயோகித்தேன்.

கோயிலில் டியூப்லைட் கொடுத்தாலே அதன் மேல் வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு 'உபயம்' என்று பெயர் எழுதுகிற ஊர் நம்முடையது. நாற்காலிக்கு ஓர் உபயதாரர் பிடித்தால் என்ன? ஆலை மேலாளரும் "இத்தனை பேர் நம்பிப் பணம் போட்டிருக்காங்களே" என்று அசந்துபோவார் அல்லவா? என் தங்கை கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார், அவரைப் பிடித்தேன். அப்புறம் ஒரு முட்டை வியாபாரி, ஒரு ஃபைனான்ஸ்காரர் என்று நாற்காலிக்கு ஓர் ஆளாகக் கிடைத்துவிட்டார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "பேரு நல்லாத் தெரியுமுங்களா?"

தெரியும் என்று வாக்குக் கொடுத்தேன். சர்வீஸ் என்று பர்வீனிடம் சொல்லி நாற்காலிகளை டெம்போவில் நாமக்கல்லுக்குக் கொண்டுவந்து, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இறக்கினேன். பட்டறைக்காரர் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க, இது ரொம்ப லேசா இருக்குதுங்களே. ஆளு உக்காந்தாத் தாங்குமுங்களா?"

"அதான் உங்ககிட்டக் கொண்டாந்தேன். கெட்டியாப் பண்ணிக் குடுங்க."

கெட்டியாகத்தான் பண்ணிக் கொடுத்தார். முதுகுப்பக்கம் லாரிக்குப் போடும் இரும்புத் தகட்டில் பெயர்ப்பலகை. முன்னால் பம்பர். மஞ்சள் பெயிண்ட், சிவப்பு ரோஜாப்பூ, நடுவில் 'உபயம்'. திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு. (மட்கார்டு ரப்பர் வேணுமான்னும் கேட்டாரு. நாந்தான் வேண்டாமுன்னேன். அந்த மட்டுக்கும் அறிவு இருந்துருக்குது.) தெய்வாதீனமாக அவர் எதையும் வெல்டிங் வைக்கவில்லை, கிளாம்ப் போட்டு போல்ட்டால் முடுக்கியிருந்தார்.

என் கணவர் மட்டும் ஒரு நாற்காலியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, இது ஓடுமா?" என்றார். "லாரியே ஓடுது, இது ஓடாதா" என்றேன்.

ஆட்டத்தன்று மேலாளர், உபயதாரர்கள், எதிரணி எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் நாற்காலிகளை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கினேன். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. உபயதாரர்கள் கைதட்டினார்கள். பர்வீன் தட்டவில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கோபம் என்றாலாவது எனக்குப் பழக்கம், வீட்டிலும் கடையிலும் தினம் வாங்குவதுதான். இது வேறு. அவள் தன் நாற்காலியையே பார்த்துக்கொண்டு, "என்னங்க்கா இது?" என்றாள்.

விசில் ஊதியதும் அரங்கத்தில் கேட்ட சத்தத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. இரும்புக்கடையில் சரக்கு இறக்குகிற சத்தம். எதிரணிக்காரர்கள் விர் விர்ரென்று போய்க் கூடையில் பந்தைப் போட, நம்மவர்கள் மேட்டில் ஏறும் லோடு லாரியாக முக்கிக்கொண்டிருந்தார்கள். வாழப்பாடி குமரன் திரும்பியபோது அவன் பம்பர் இன்னொருவருடைய சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மேலாளர் என் பக்கம் குனிந்து, "இது என்னங்க, மோதிக்கற விளையாட்டுங்களா?" என்று நிஜமாகவே கேட்டார்.

தலைவர் சும்மா இருக்கலாமா? "ஒண்ணும் கனமில்லீங்க, பாருங்க" என்று ஓரமாகக் காலியாக நின்ற ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளினேன். வலது கைக்கு வலு அதிகம் போலிருக்கிறது, வண்டி நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. பதறிப்போய்ப் பின்னால் இழுத்தேன். பின்னால் நன்றாகவே போயிற்று. பிரேக்கைத் தேடினேன். விளையாட்டு நாற்காலிக்குப் பிரேக்கே கிடையாது என்பது என்னைத் தவிர அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "ஐயோ சாமி" என்று அலறிக்கொண்டே முன்வரிசைக்குள் பின்புறமாக நுழைந்தேன். அப்போதுதான் காபித் தட்டு அங்கே வந்திருந்தது. அத்தனை காபியும் என் தங்கை கணவரின் வெள்ளை வேட்டியில். இரும்புப் பலகையில் எழுதியிருந்த அவர் பெயர் அவர் முழங்காலிலேயே இடித்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பர்வீன் வேன் ஓட்டுநரிடம் ஸ்பேனர் கேட்டு வாங்கினாள். உபயதாரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அணியே சேர்ந்து பலகை, பம்பர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றியது. நான் அருகே போய், "நல்லதுக்குத்தான் செஞ்சேன் சாமி, பணம் வருமேன்னு" என்றேன்.

அவள் போல்ட்டைத் திருகிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அக்கா, உங்களுக்கு இது நாற்காலி. எனக்கு இது காலு. உங்க கால்ல ஒருத்தர் பேர எழுதறதுன்னா உங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களா?"

பத்து ரூபாய் பேச்சு வந்த அன்றும் இவள் இப்படியேதான் உட்கார்ந்திருந்தாள், நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மீதி ஆட்டத்தை அப்போதுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். அவர்கள் திரும்புகிற வேகத்தைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. குமரன் நாற்காலியோடு கவிழ்ந்தான். நான் எழுந்து ஓடப் போனேன். அதற்குள் அவன் கையை ஊன்றி நிமிர்ந்து பந்தைத் துரத்திப் போய்விட்டான். இத்தனை நாள் தலைவராக இருந்தவள் ஒரு முழு ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆட்டம் முடிந்ததும் மேலாளர் என்னிடம், "வருஷத்துக்கு என்ன செலவாகுமுங்க?" என்றார். தெரியவில்லை. பட்டறைக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டிருந்தால் பைசா சுத்தமாகச் சொல்லியிருப்பேன். பர்வீன் வந்து டியூப், டயர், கையுறை, வேன், அரங்க வாடகை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேலாளர் கேட்டுவிட்டு, "இங்க தலைவர் யாருங்க?" என்றார்.

எல்லோரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள். "இவங்கதானுங்க" என்று பர்வீனைக் காட்டினேன்.

"அப்படியெல்லாம் சட்டுனு சொல்ல முடியாதுங்க்கா, பொதுக்குழுவுல வெச்சுத்தான் மாத்தணும்" என்றாள் அவள். (அந்த நெலமையிலயும் சட்டம் பேசறா பாருங்க.)

பொதுக்குழுவில் வைத்தே மாற்றினார்கள். ஆலை பணம் கொடுத்தது, அணி பிழைத்தது. உபயதாரர்களின் பணத்தைப் பர்வீன் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள், பட்டறைச் செலவு என் தலையில் விழுந்தது. என் தங்கை கணவர் தன் பலகையை வாங்கிப் போய் மாட்டுக்கொட்டாயில் மாட்டிவிட்டார். வேட்டியைப் பற்றி இன்னும் பேசுகிறார். நான் இப்போது ஆட்ட நாட்களில் டயருக்குக் காற்றடிக்கிறேன்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து என் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். வலியில் முனகிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து என் கணவர் சொன்ன முதல் ஆறுதல், "வெள்ளையா நல்ல எடம், யாரு உபயமுன்னு எழுதிரலாமா?" வந்த விருந்தாளிகளிடமெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்லி, பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பர்வீன் பார்க்க வந்தபோது அந்தப் பேனா அவளிடம் போயிற்று. வீடே சிரித்தது. அவள் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"எழுதலாங்களா அக்கா?"

எழுது சாமி என்றேன். அதற்கப்புறம்தான் எழுதினாள்: 'முன்னாள் தலைவர்.'