முகமூடிக்குப் பின்னால் யார் என்று அறிந்தவர்

விளக்கப் பேர்வழி என்று ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். பஸ் நிறுத்தத்திலும் கல்யாணப் பந்தியிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் தாராளமாகக் கிடைக்கும். மழை பெய்தால் நமக்கு நனையத் தெரியும். இந்தப் பேர்வழிக்கோ மழை ஏன் பெய்கிறது, நேற்றே பெய்யாமல் ஏன் இன்று பெய்கிறது, இதற்குப் பின்னணியில் இருப்பது யார் என்பதுவரை தெரியும். நீங்கள் கேட்டீர்களா? கேட்க வேண்டியதே இல்லை. "அதாவது..." என்று ஆரம்பித்துவிட்டால் அப்புறம் உங்கள் குடையே வந்து பரிந்து பேசினாலும் உங்களுக்கு விடுதலை கிடையாது.

அறுபத்தேழாம் வருஷக் குளிர்காலத்தில் இந்த இனத்தின் அருமையான மாதிரி ஒன்று ஜெர்மனியில் ஆஹென் நகரத்தில் வசித்து வந்தது. பெயர் சந்திரமௌலி. பல்கலைக்கழகத்தில் உலோக வார்ப்பு ஆராய்ச்சி. நாலு வருஷமாக ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஏன் இன்னும் முடியவில்லை என்பதற்கும் அவரிடம் நேர்த்தியான விளக்கம் இருந்தது. புதிதாக வந்து இறங்கும் இந்திய மாணவர்களை ரயில் நிலையத்திலேயே பிடித்து, ஜெர்மானியர்கள் ஏன் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள், ரொட்டி ஏன் கறுப்பாக இருக்கிறது, நாய்க்கு ஏன் டிக்கெட் வாங்குகிறார்கள் என்று, பெட்டியைக் கீழே வைக்கக்கூட விடாமல் சொல்லிக்கொண்டே அறைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பார். நல்ல மனிதர். பெட்டியையும் அவரே தூக்கிக்கொள்வார். அதுதான் சங்கடம், கோபித்துக்கொள்ளவும் முடியாது.

அந்தக் குளிர்காலத்தில் ஊர் அருங்காட்சியகத்துக்கு ஸ்பெயினிலிருந்து சில ஓவியங்கள் வந்திருந்தன. அவற்றில் ஒன்று, போன நூற்றாண்டில் மாட்ரிட் நகரத்துப் பெரிய மனிதர்களின் முகமூடி நடனம். வரைந்தவர் பெயரைச் சொன்னால் நீங்கள் உச்சரிப்பைத் திருத்துவீர்கள், ஆகவே சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி வரைகிறவர் என்று பெயர் வாங்கினவர். அகலமான படிக்கட்டில் ஒரு சீமாட்டி மஞ்சள் பட்டு சரசரக்க இறங்கி வருகிறாள். கண்ணை மறைத்துக் கறுப்பு முகமூடி. கீழே ஒரு துருக்கி சுல்தான், ஒரு கோமாளி, முக்காடு போட்ட ஒரு துறவி. எல்லாரும் வேஷம். பட்டின் மடிப்பும் சரிகையின் நூலும் பளிங்குத் தரையில் சிந்திய மதுவும் கையால் தொடலாம் போல அப்படியொரு தத்ரூபம். முகங்கள் மட்டும் தெரியாது. அத்தனை பாடுபட்டு எல்லாவற்றையும் காட்டிவிட்டு முக்கியமானதை மறைத்துவிட்ட அந்த ஓவியரின் குறும்பை யாராவது ரசித்திருக்கலாம். சந்திரமௌலிக்கு அது அவசரமாக நிவர்த்தி செய்ய வேண்டிய குறையாகத் தெரிந்தது.

"அதாவது, இந்த மஞ்சள் பட்டு ஒரு டியூக்கோட ஒய்ஃப்" என்றார், முதல் ஞாயிற்றுக்கிழமை. கூட வந்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவருடைய அறைத்தோழன் வாசுதேவன். அதே ஆய்வுக்கூடத்தில் அதே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்கிறவன், அதிகம் பேசாதவன். இன்னொருத்தி சியாமளா, கோயம்புத்தூரிலிருந்து நெசவுத் தொழில்நுட்பம் படிக்க வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"அந்த சுல்தான் அவளோட புருஷன். துறவி இருக்கானே, அவன்தான் லவ்வர். ஆக்சுவலா அவன் ஒரு பேங்கர். பணம் இருக்கு, பரம்பரை இல்லை."

"எல்லாருக்கும் மாஸ்க் இருக்கே. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் சியாமளா.

அந்தக் கதையெல்லாம் படிக்கட்டைப் பார்த்தபோது தானாக நாக்கில் வந்து நின்றது; எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. ஆனால் இந்த இனம் தடுமாறி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கண் படத்தின் மேலிருந்து கீழே ஓடி, துறவியின் அங்கிக்கு அடியில் எட்டிப்பார்த்த பாதத்தில் போய் நின்றது.

"ஷூ!" என்றார். "முகத்தை மறைக்கலாம், ஷூவை மறைக்க முடியாது. ஒரு மனுஷன் யாருங்கறது அவன் காலில் இருக்கு."

சியாமளா "ஓகோ" என்றாள். அந்த 'ஓகோ'வில் இருந்தது மரியாதையா வேறு ஏதாவதா என்று சந்திரமௌலி யோசிக்கவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் பார்வையாளர்கள் பெருகினார்கள், கதாபாத்திரங்களும் பெருகின. கோமாளி ஓர் ஒற்றன் ஆனான். சீமாட்டிக்கு ரகசியமாக ஒரு குழந்தை பிறந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த காவலர்கூட, யாராவது கேள்வி கேட்டால் அவரைக் கை காட்ட ஆரம்பித்தார்.

இந்த நிலையில்தான் ஆய்வுக்கூடத்தில் உதவி ஆராய்ச்சியாளர் பதவி ஒன்று காலியாயிற்று. சம்பளம், இரண்டு வருஷ உத்தரவாதம், சொந்தமாக ஒரு மேஜை. பேராசிரியர் லிண்ட்னர் இரண்டு பெயர்களை யோசித்துக்கொண்டிருப்பதாகப் பேச்சு. ஒன்று சந்திரமௌலி. மற்றது, அவருடைய பக்கத்துக் கட்டிலில் படுத்துக் குறட்டை விடும் வாசுதேவன். இரண்டு பேரும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சாதம் ஒருவர், ரசம் ஒருவர் என்று சமையல் வழக்கம்போலவே நடந்தது.

ஆனால் வாசுதேவன் சில நாட்களாகக் காலையில் ஜன்னலருகே போய் நின்றுகொண்டு வெளியே பார்த்தபடி இருந்தான். சும்மா விட்டுவிட முடியுமா? சந்திரமௌலி படுக்கையில் கிடந்தபடியே விளக்கத்தைக் கட்டினார். ஒருவன் ஏன் ஜன்னலருகே நிற்கிறான்? ஊர் ஞாபகம். ஊர் ஞாபகம் ஏன் வருகிறது? அம்மா. அம்மாவுக்கு என்ன? வேறென்ன, உடம்பு சரியில்லை. பாவம், கோடைக்குள் மூட்டை கட்டிவிடுவான். பல் விளக்கி முடிப்பதற்குள் இது முழு உண்மையாகிவிட்டது. அவர் மனமார வருத்தப்பட்டார்.

பிப்ரவரியில் கார்னிவல் திருவிழா வந்தது. ஆறு நாட்கள் அந்த ஊர்க்காரர்கள் வேறு பிறவி எடுத்துவிடுவார்கள். முதல் நாளான வியாழக்கிழமை பெண்கள் ராஜ்யம். கத்தரிக்கோலும் கையுமாகத் திரிந்து அகப்பட்ட ஆண்களின் டையை வெட்டுவார்கள். அன்று மாலை ஆய்வுக்கூடத்தில் விருந்து. எல்லாரும் வேஷம் போட்டு வர வேண்டும். ஜலதோஷம், வரவில்லை என்று சொல்லிவிட்டு வாசுதேவன் போர்வைக்குள் புகுந்துகொண்டான். சந்திரமௌலி நல்ல சூட்டு, பட்டு டை, கண்ணுக்கு மட்டும் கறுப்புத் துணி என்று கிளம்பினார். அதுதான் அசல் ஸ்பானிய முறையாம். வாசலிலேயே காரியதரிசி அம்மாள் டையைப் பிடித்தாள். இந்த வழக்கம் எந்த ரோமாபுரிச் சடங்கிலிருந்து வந்தது என்று அவர் அவளுக்கே விளக்கிக்கொண்டிருக்க, அவள் தலையாட்டிக் கேட்டபடியே முடிச்சுக்குக் கீழே நறுக்கென்று வெட்டிவிட்டாள்.

உள்ளே கடற்கொள்ளைக்காரர்கள், பூனைகள், ஒரு சமையல்காரர். மூலையில் பீர்க்கோப்பையோடு, முக்காடு போட்டு, முகம் முழுக்க அட்டை முகமூடி மாட்டிய ஒரு துறவி. சந்திரமௌலியின் பார்வை பழக்கதோஷத்தில் நேரே காலுக்குப் போயிற்று. பழுப்பு நிறம், தடித்த அடித்தோல், வலது நுனியில் அமிலம் பட்ட வெள்ளைத் தழும்பு. பேராசிரியர் லிண்ட்னரின் ஷூ! உயரமும் அதே உயரம். முகமூடி போட்ட மேலதிகாரியிடம் எதையும் சொல்லலாம். கேட்டவரும் கேட்காதவர் மாதிரி, சொன்னவரும் சொல்லாதவர் மாதிரி.

பக்கத்தில் போய் நின்றார். ஸ்பெயின் ஓவியத்தில் ஆரம்பித்து, உலோகம் உறையும் விதத்தைத் தொட்டு, தம் ஆராய்ச்சியின் சிறப்பை மிகுந்த அடக்கத்தோடு விரிவாக எடுத்துரைத்து, கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஜெர்மனில் சொன்னார்:

"வாசுதேவன் தங்கமான பையன். ஆனால் அவனை நம்பி இரண்டு வருஷப் பதவியைக் கொடுப்பது சரியாக இராது. தாயாருக்கு உடம்பு மோசம். கோடையில் ஊர் திரும்பிவிடுவான். என்னிடம் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்."



அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெருங்கும்பல் பாடிக்கொண்டே வந்தது. முன்னால் மூக்கில் சிவப்புப் பந்தை மாட்டிக்கொண்டு, வேறு எந்த மறைப்பும் இல்லாமல், தொப்பை குலுங்கப் பாடி வந்தவர் பேராசிரியர் லிண்ட்னர்.

சந்திரமௌலி அவரைப் பார்த்தார். துறவியைப் பார்த்தார். முக்காட்டுக்குள்ளிருந்து, ஜலதோஷம் பிடித்த குரலில், தமிழ் வந்தது.

"எங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்லடா. நல்லாத்தான் இருக்காங்க. நான் ஜன்னல்ல நின்னது பஸ் வருதான்னு பார்க்க."

கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அங்கி தரையில் புரள, துறவி வெளியே போய்விட்டான்.

நடந்தது இவ்வளவுதான். அதற்கு முந்தின வாரம் பனியில் வாசுதேவனின் ஷூ வாய் பிளந்ததைப் பார்த்து மனம் கேளாமல் பேராசிரியரின் மனைவி தன் கணவரின் பழைய ஜோடியைக் கொடுத்திருந்தாள். அது நாலு நாளாக அறை வாசலில்தான் கிடந்தது. சந்திரமௌலி தினமும் அதைத் தாண்டித்தான் போனார். படத்தில் இருந்திருந்தால் கவனித்திருப்பார். போர்வைக்குள் கிடந்தவனுக்கோ, நண்பனைக் கொஞ்சம் ஏமாற்றிச் சிரிக்கலாம் என்று தோன்றியிருந்தது. அங்கியைக் கடன் வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருந்தான். சிரிக்க முடியாமல் போயிற்று.

மறுநாள் காலை சந்திரமௌலி, "அதாவது, அது நீதான்னு எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும், சும்மா டெஸ்ட் பண்ணேன்" என்று தொடங்கினார். வாசுதேவன் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ரயில் நிலையத்துப் பக்கம் பார்த்தசாரதி என்ற மாணவன் அறையில் ஒரு கட்டில் காலி. அங்கே போய்விட்டான்.

கேட்டவர்களுக்கெல்லாம் சந்திரமௌலி விளக்கினார். வாசுதேவனுக்குத் தனிமை தேவை. ஆராய்ச்சி முக்கியக் கட்டத்தில் இருக்கிறது. ரயில் சத்தம் சிலருக்குத் தூக்கம் தரும். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சாதமும் அவரே, ரசமும் அவரே. பக்கத்துக் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. குறட்டை இல்லாமல் தூக்கம் வரவில்லை. அதற்கு மட்டும் அவருக்கு விளக்கம் அகப்படவில்லை.

மாணவர் உணவகத்தில் சியாமளாவிடமும் அதே பாட்டைப் பாடினார். அவள் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீங்க அவர்கிட்ட கேட்டீங்களா?"

"என்ன?"

"ஏன் போனீங்கன்னு. அவர்கிட்டயே."

முப்பத்தோரு வயதில், ஒரு விஷயத்தை அதற்கு உரியவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது அவருக்கு ஒரு புதிய விஞ்ஞான முறையாக இருந்தது. அன்று அவர் சாப்பாட்டை முடிக்காமலே எழுந்தார்.

கேட்கப் போனாரா என்றால், இல்லை. பார்த்தசாரதியின் தெரு முனைவரை இரண்டு தடவை போய்த் திரும்பினார். கேட்டால் பதில் வந்துவிடுமே!

அடுத்த வாரம் பேராசிரியர் லிண்ட்னர் அவரைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். சிவப்பு மூக்கு இல்லை, மூக்குக்கண்ணாடிதான்.

"பதவி விஷயம். இரண்டு பேருமே தகுதியானவர்கள். வாசுதேவன் ஊர் திரும்பும் யோசனையில் இருக்கிறாரா? உங்கள் நண்பர், உங்களுக்குத் தெரிந்திருக்குமே."

சந்திரமௌலியின் நாக்கு நுனியில் விளக்கங்கள் வரிசையில் வந்து நின்றன. உண்மை போலவே இருக்கும் விளக்கங்கள். ஒன்றுக்குக்கூட அவர் பொய் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. அவனுக்குக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை, என்றால் போதும். பேராசிரியர் காத்திருந்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார். குரல் யாருடையதோ போலிருந்தது. "அவரையே கேளுங்கள்."

வெளியே வந்து தாழ்வாரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். காய்ச்சல்காரனுக்கு வியர்த்தது போல் உடம்பு லேசாக இருந்தது.

பதவி வாசுதேவனுக்குத்தான் போயிற்று. அந்தச் சனிக்கிழமை அவன் தன் பிரஷர் குக்கரை எடுத்துப்போக வந்தான். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. குக்கரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"புரொபசர் உன்னைக் கேட்டாராமே. தெரியாதுன்னு சொன்னியாமே."

"ஆமா."

"நீயா?"

"நான்தான்." சந்திரமௌலி கரண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கு நான் பண்ணது தப்புடா, வாசு."

வாசுதேவன் குக்கரைக் கீழே வைத்தான். தட்டு எடுத்து வந்து உட்கார்ந்தான். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "சரி, ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டான்.

கேட்டிருக்கக் கூடாது. சந்திரமௌலியின் முகம் மலர்ந்தது. "அதாவது..." என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மனிதமனம் ஒரு கேள்வியின் முன்னால் எப்படி நிற்கிறது என்பதில் ஆரம்பித்து, இரும்பு உறையும் வெப்பத்துக்கும் மனசாட்சிக்கும் உள்ள தொடர்பைக் கடந்து, அவர் பேசிக்கொண்டே போக, சாதம் ஆறி விறைத்தது. வாசுதேவன் அவருக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்துவிட்டு, சிரித்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வாசக நண்பரே, உங்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல. ஆனால் ஒன்று. இதைப் படிக்க ஆரம்பித்த நாலாவது வரியிலேயே, 'இது நம்ம இன்னாரை வைத்துத்தான் எழுதியிருக்கிறான், பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றிவிட்டான்' என்று உங்களுக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது அல்லவா? பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியும் விட்டீர்கள். தவறில்லை. அவர் நம்பியும் விட்டார்.

ஆமாம், உங்களுக்கு அது எப்படித் தெரியும்?