ஓடாத கரண்ட்டின் வெற்றி

மனிதனின் பேராசை மண்டைக்குள் எந்த மூலையில் குடியிருக்கிறது என்று கண்டுபிடித்த பெருமை, 2013-ஆம் ஆண்டு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தையே சேரும். முனிவர்கள் காட்டில் தேடிக் கிடைக்காததை டாக்டர் சீனுவாசன், உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சும் ஒரு பேட்டரிப் பெட்டியும் வைத்துப் பிடித்துவிட்டார்.

விக்கிரவாண்டி இருதயசெல்விக்கு முனிவர்களைப் பற்றிக் கவலையில்லை. அவள் கவலையெல்லாம் தையல் மிஷின்தான். அரசாங்கம் லாட்டரியை ஒழித்துப் பத்து வருஷம் ஆகிவிட்டதால், அவள் புருஷன் தொம்மை டீக்கடைக்குப் பின்பக்கம் போய்த்தான் மூணு நம்பர் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. சட்டம் அவ்வளவு கடுமை. கொத்தனார் கூலி அதில் போனது, அண்டா குண்டான் போனது. இப்போது அவன் பார்வை தையல் மிஷின் மேல் விழுந்திருந்தது. அவள் ஜாக்கெட் தைத்துத்தான் வீட்டில் உலை கொதித்தது. லாட்டரிப் பித்தை டாக்டர் கரண்ட்டு வைத்து இறக்குகிறாராம் என்று கேள்விப்பட்டதும், பயந்துபோய் அவனைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றினாள்.

ஆராய்ச்சி மிகக் கண்ணியமாக நடந்தது. நெற்றியில் பஞ்சைக் கட்டி, லேசாகக் கரண்ட்டு விட்டு, லாட்டரிச் சீட்டுப் படம் காட்டுவார்கள். வாங்க ஆசை எவ்வளவு என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். பாதிப் பேருக்கு உண்மையான கரண்ட்டு. மீதிப் பேருக்கு முதலில் சுருக்கென்று காட்டிவிட்டுச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். யாருக்கு எது என்று கடைசிவரை டாக்டருக்கே தெரியாது. இதையெல்லாம் தொம்மை கையெழுத்துப் போட்ட தாளில் விளக்கமாகச் சொல்லியிருந்தார்கள், இங்கிலீஷில்.

முதல் நாள் பத்துக்குப் பத்து போட்ட தொம்மை, மெல்ல இறங்கி முட்டைக்கு வந்தான். "மண்டையில ஏதோ வயரு அறுந்த மாதிரி இருக்குது செல்வி. சீட்டப் பாத்தா வெறும் காயிதமாத் தெரியுது" என்றான். டீக்கடைக்கு முன்பக்கமாகவே போய் டீ மட்டும் குடித்துவிட்டு வந்தான். மூன்று மாதம் கூலி முழுசாக வீட்டுக்கு வந்தது. இருதயசெல்விக்குத் தலைகால் புரியவில்லை. மாதா கோவிலில் டாக்டர் பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

கடைசி நாள், தொம்மை வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்கு நாங்க கரண்ட்டே விடலை."

"அப்பறம் எப்பிடி சார் நல்லாயிட்டாரு?"

"எல்லாம் நம்பிக்கைதான். அவர்கிட்ட இதைச் சொல்லியாகணும்."

"ஐயோ, வாணாம் சார்! உங்களுக்குப் புண்ணியமாப் போவும். மண்டையில கரண்ட்டு ஓடிக்கினு இருக்குதுன்னே அவரு நெனச்சிக்கினு கெடக்கட்டும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா? விஞ்ஞானத்துக்கு நெறிமுறை இருக்கும்மா."

"மூணு மாசமா சொன்னது இன்னா சார்?"

"அது ஆராய்ச்சி."

டாக்டர் நேர்மையின் திருவுருவம். தொம்மையைக் கூப்பிட்டு ஒன்றுவிடாமல் சொன்னார். தொம்மை நெற்றியைத் தடவிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"கரண்ட்டே இல்லாம குணமாச்சா? யாருக்கு சார் இப்பிடி அடிக்கும்? செல்வி, நமக்கு ராசி திரும்பிடுச்சுடி!"

திரும்பிய ராசியை ஆறவிடக் கூடாது என்று, பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரே டீக்கடையின் பின்பக்கம் போனான்.

அடுத்த மாதம் டாக்டர் கடைசி அளவெடுக்க விக்கிரவாண்டிக்கே வந்தார். மிஷின் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. தொம்மை படத்தைப் பார்த்ததும் பத்துக்குப் பத்து போட்டான். டாக்டருக்குப் புல்லரித்தது.

"பிரமாதம்மா! கரண்ட்டு கிடைக்காதவங்க எல்லாம் பழையபடி ஆயிட்டாங்க. கிடைச்சவங்க அப்படியே இருக்காங்க. எங்க கருவி வேலை செய்யுதுன்னு நிரூபணம் ஆயிடுச்சு. மாநாட்டுல முதல் பரிசு எனக்குத்தான்."

இருதயசெல்வி எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கெடச்சவங்ககிட்ட, கெடச்சுதுன்னு சொல்லிட்டீங்களா சார்?"

"பின்னே? எல்லார்கிட்டயும் உண்மையைத்தானே சொன்னோம்."

"அப்ப நம்பரு எழுதுனதும் நீங்க, குலுக்கி எடுத்ததும் நீங்க, பரிசு வாங்கிக்கிறதும் நீங்க. எங்க டீக்கடைக்காரனுக்குக்கூட இவ்ளோ துணிச்சல் கெடையாது சார்."